ஹைட்ரோஸும் பெராக்சைடும் ஒரே லாரியில் போகக் கூடாது: சாயப்பட்டறை கெமிக்கல் லோடு அனுப்பும் முறை

திருப்பூர், பெருந்துறை, பவானிப் பக்கத்துச் சாயப்பட்டறைகளிலிருந்து வரும் ஆர்டர் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: 50 சதவீத பெராக்சைடு 40 கேன், ஹைட்ரோஸ் 10 டிரம், அசிட்டிக் ஆசிட் 20 கேன், காஸ்டிக் ஃபிளேக்ஸ் (காஸ்டிக் சோடா சீவல்) 30 மூட்டை, ஹைப்போ 15 கேன், கூடவே கிளாபர் சால்ட் (சோடியம் சல்ஃபேட் உப்பு) 50 மூட்டை. "எல்லாத்தையும் ஒரே வண்டியில போட்டு மதியத்துக்குள்ள அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவார்கள். நான் பெருந்துறைப் பக்கம் ஒரு கெமிக்கல் குடோனில் டெஸ்பாட்ச் பார்க்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பட்டறைக்காரர்களும் லாரிக்காரர்களும் படித்தால் இன்னும் நல்லது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சரக்கை லாரியில் ஏற்றிவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது, இனி லாரிக்காரர் பாடு என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 129 முதல் 137 வரையுள்ள விதிகள் ஆபத்தான சரக்குகளுக்கானவை. அதில் 131-ஆம் விதி சரக்கை அனுப்புகிறவரின் பொறுப்பு, 132 லாரி உரிமையாளரின் பொறுப்பு, 133 டிரைவரின் பொறுப்பு. வரிசையில் நாம்தான் முதலில் நிற்கிறோம். வண்டிக்கு முறையான ஆர்.சி., பெர்மிட் இருக்கிறதா, முதலுதவியும் பாதுகாப்புச் சாமான்களும் இருக்கின்றனவா, டிரைவர் பயிற்சி பெற்றவரா என்று பார்க்க வேண்டியதும், என்ன சரக்கு, அதனால் என்ன ஆபத்து என்று லாரிக்காரருக்கு முழுமையாகச் சொல்ல வேண்டியதும் அனுப்புகிறவரின் கடமை.

இந்த விதிகள் கேட்கும் லேபிள், பலகை, கார்டு எல்லாமே யாருக்காக? நமக்குச் சரக்கு தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். விபத்து நடந்த இடத்துக்கு முதலில் வந்து சேரும் ஆளுக்குத்தான் தெரியாது. அவர் தீயணைப்பு வீரராக இருக்கலாம், ரோந்துப் போலீஸாக இருக்கலாம், பக்கத்துத் தோட்டத்துக்காரராகவும் இருக்கலாம். அந்த முன்பின் தெரியாத மனிதர் பார்த்ததும் புரிந்துகொள்கிற மாதிரி எழுதியிருக்கிறோமா என்பதுதான் என் கணக்கில் டெஸ்பாட்சுக்கான பரீட்சை. கீழே சொல்வதெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

சரக்கு எது என்று சரியாக எழுதுங்கள்

ஒவ்வொரு கெமிக்கலுக்கும் தயாரிப்பாளர் ஒரு பாதுகாப்புத் தகவல் தாள் தருவார். அதில் 16 பகுதிகள் இருக்கும். 14-ஆம் பகுதி போக்குவரத்துக்கானது. ஐ.நா. எண் (ஆபத்தான சரக்கை உலகெங்கும் அடையாளம் காட்டும் நான்கு இலக்க எண்), முறையான பெயர், ஆபத்து வகுப்பு, பேக்கிங் குரூப் (ஆபத்து எவ்வளவு கடுமை என்பதற்கான தரம்) எல்லாம் அங்கே இருக்கும். எங்கள் குடோன் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறோம். சாயப்பட்டறைச் சரக்கில் நான் மனப்பாடமாக வைத்திருப்பவை இவை (பெயருக்கு அடுத்து வருவது ஐ.நா. எண்):

ஹைட்ரஜன் பெராக்சைடு (50 சதவீதம்): 2014, வகுப்பு 5.1, துணை ஆபத்து 8
ஹைட்ரோஸ், அதாவது சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்: 1384, வகுப்பு 4.2
கிளேசியல் அசிட்டிக் ஆசிட்: 2789, வகுப்பு 8, துணை ஆபத்து 3
காஸ்டிக் ஃபிளேக்ஸ்: 1823, வகுப்பு 8
காஸ்டிக் லை (காஸ்டிக் சோடா கரைசல்): 1824, வகுப்பு 8
சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்: 1791, வகுப்பு 8
ஹைட்ரோகுளோரிக் ஆசிட்: 1789, வகுப்பு 8

5.1 என்றால் ஆக்சிஜனைக் கொடுத்து எரிய வைப்பது, 4.2 என்றால் தானாகவே சூடேறித் தீப்பற்றக் கூடியது, 8 என்றால் அரிப்பது, 3 என்றால் தீப்பற்றும் திரவம். இவ்வளவு தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

துணை ஆபத்தையும் விடாமல் எழுதுங்கள். கிளேசியல் அசிட்டிக் ஆசிட்டை எல்லோரும் 'ஆசிட்' என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். அதன் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை ஏறத்தாழ 39 டிகிரி. சித்திரை மாதத்தில் ஈரோட்டு வெயிலுக்கு அது சாதாரணம். கேன் ஒழுகுகிற வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் பீடி பற்ற வைத்தால் என்னாகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், பில்லில் கடைப்பெயரை எழுதாதீர்கள். ஹைப்போகுளோரைட்டும் எங்கள் பக்கம் ஹைப்போதான், தயோசல்ஃபேட்டும் ஹைப்போதான். ஒன்று ஆசிட் பட்டால் குளோரின் வாயு கக்கும். மற்றது பெரிய ஆபத்தில்லாத உப்பு. 'ஹைப்போ 15 கேன்' என்று மட்டும் இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்கிறவர் எதைச் சொல்வார்? முழு ரசாயனப் பெயரும் ஐ.நா. எண்ணும் பில்லிலும் எல்.ஆரிலும் (லாரி ரசீது) கேன் மேலேயும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

எதை எதோடு ஏற்றக் கூடாது

இதுதான் முக்கியமான பகுதி. மேலே சொன்ன ஆர்டரைத் திரும்பப் பாருங்கள். தனித்தனியாக ஒவ்வொன்றையும் கையாள எங்கள் ஆட்களுக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே பாடியில் அடுக்கி, வேகத்தடையில் ஒரு குலுக்கல், ஒரு கேன் மூடி கழன்றது என்றால் கதை வேறு.

ஹைப்போவில் (இங்கே நான் ஹைப்போ என்பது ஹைப்போகுளோரைட்டை) ஆசிட் கலந்தால் குளோரின் வாயு வரும். ஹைட்ரோஸில் ஆசிட் பட்டால் கந்தக டை ஆக்சைடு. ஹைட்ரோஸும் பெராக்சைடும் சேர்ந்தால் தீ. பெராக்சைடில் காஸ்டிக் விழுந்தால் அது வேகமாகச் சிதைந்து, சூடேறி, ஆக்சிஜனைப் பொங்கி வெளியே தள்ளும். மூடிய கேனுக்குள் அப்படி நடந்தால் கேன் வெடிக்கும். பெராக்சைடும் ஹைப்போவும் கலந்தாலும் ஆக்சிஜன் பொங்கும். பெராக்சைடும் அசிட்டிக் ஆசிட்டும் சேர்ந்தால் பெரசிட்டிக் ஆசிட் உருவாகும், அது இரண்டையும் விட மோசமான சரக்கு. காஸ்டிக்கும் ஆசிட்டும் கலந்தால் கொதித்துத் தெறிக்கும்.

ஆகவே அந்த ஆர்டரை நான் நான்காகப் பிரிப்பேன். பெராக்சைடு தனி. ஹைட்ரோஸோடு கிளாபர் சால்ட், சாப்பாட்டு உப்பு, சோடா ஆஷ் மாதிரி உலர்ந்த, ஆபத்தில்லாத மூட்டைகள் மட்டும் போகலாம். ஆசிட் தனி. காஸ்டிக் ஃபிளேக்ஸும் ஹைப்போவும் இரண்டும் காரம் என்பதால் ஒரு வண்டியில் போகலாம், ஆனால் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். ஹைப்போ கேன் கீழே இருக்க வேண்டும், ஃபிளேக்ஸ் மூட்டை கட்டை போட்டு உயரத்தில் இருக்க வேண்டும். ஒழுகுகிற நீர்மம் ஃபிளேக்ஸைத் தொட்டால் அதுவும் சூடாகும். சந்தேகம் வந்தால் கப்பல் சரக்குக்கான ஐ.எம்.டி.ஜி. கோடில் உள்ள பிரித்தல் அட்டவணையைப் பார்க்கிறேன். எந்த வகுப்பை எந்த வகுப்பிலிருந்து எவ்வளவு விலக்கி வைக்க வேண்டும் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருப்பார்கள். ரோட்டில் போகும் சரக்குக்கும் அதே ரசாயனம்தானே.

நான்கு வண்டி என்றால் வாடகை யார் கொடுப்பது என்று பட்டறைக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்கு நாங்கள் கண்ட வழி, வாடிக்கையாளர் வாரியாக வண்டி விடுவதை நிறுத்திவிட்டுச் சரக்கு வாரியாக நாள் வைப்பது. திங்கள் பெராக்சைடு லைன், செவ்வாய் ஆசிட் லைன் என்று வைத்து, அவிநாசி ரோட்டில் இருக்கும் ஐந்தாறு பட்டறைகளுக்கு ஒரே சுற்றில் இறக்குகிறோம். வாடகை ஏறக்குறைய பழையபடிதான் ஆகிறது. பட்டறைக்காரர் இரண்டு நாள் முன்னதாக ஆர்டர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்லவில்லை என்றால் காத்திருக்கட்டும். அவசரத்துக்காகக் கலந்து ஏற்றும்படி யார் சொன்னாலும், முதலாளியே சொன்னாலும், நான் கேட் பாஸில் கையெழுத்துப் போடுவதில்லை.

ஹைட்ரோஸ்: கொஞ்சம் தண்ணீர் பகை, நிறையத் தண்ணீர் மருந்து

இந்த ஒரு சரக்கைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹைட்ரோஸ் வெள்ளைத் தூள், இரும்பு டிரம்மில் உள்ளே பிளாஸ்டிக் உறையோடு வரும். ஈரம் படாத வரை சாதுவாக இருக்கும். சிறிது ஈரம் பட்டுவிட்டால் உள்ளேயே சூடேறத் தொடங்கும். சூடு ஏற ஏறச் சிதைந்து, கந்தக நெடியோடு புகையும். பிறகு டிரம் சுவரே தகிக்கும்.

ஐப்பசி மழையில் ஒரு வண்டி இப்படிப் புகைந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு லாரிக்காரர் கட்டிய தார்பாயில் ஓரத்தில் கிழிசல். அதன் வழியாகச் சொட்டிய தண்ணீர் ஒரே டிரம்மின் மூடி விளிம்பில் தேங்கியிருக்கிறது. மூடி வளையத்தின் கிளிப் முழுதாகப் பூட்டவில்லை. சித்தோடு தாண்டியதும் டிரைவருக்கு மூக்கில் நெடி ஏறியது. புத்திசாலி மனிதர், வண்டியை ஊருக்குள் விடாமல் காலி மைதானத்தில் நிறுத்திவிட்டு இறங்கிப் போன் செய்தார். கிளீனர் பையன் மண்ணை அள்ளிப் போட ஓடியபோது டிரைவரே தடுத்தார். அவர் தடுத்தது சரி. ஹைட்ரோஸ் எரிவதற்கு வெளிக்காற்று தேவையில்லை. அதனால் மண்ணைப் போட்டு மூடினால் அணையாது. தீயணைப்பு வண்டி வந்து வெள்ளமாகத் தண்ணீரை அடித்த பிறகுதான் அடங்கியது. ஒரு குவளைத் தண்ணீர் தீயை மூட்டும், ஒரு டேங்க் தண்ணீர் அதை அணைக்கும். இதைத் தெரியாத ஆள் எந்தப் பக்கம் தவறினாலும் ஆபத்து.

ஆகவே ஹைட்ரோஸ் ஏற்றும்போது: ஒவ்வொரு டிரம்மின் மூடி வளையத்தையும் கையால் அசைத்துப் பாருங்கள். நசுங்கிய டிரம், விளிம்பில் துரு ஏறிய டிரம் என்றால் ஏற்றாமல் தனியே வையுங்கள். லாரித் தளம் காய்ந்திருக்க வேண்டும். காலையில் கழுவிவிட்டு வந்த வண்டி என்றால் திருப்பி அனுப்புங்கள். டிரம்முக்குக் கீழே கட்டை போடுங்கள், தளத்தில் தண்ணீர் ஓடினாலும் அடியில் தொடாது. தார்பாய் இரட்டையாக இருக்கட்டும், அதை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து ஓட்டை தேடுங்கள். மூடின கன்டெய்னர் பாடி வண்டி கிடைத்தால் மழைக்காலத்தில் அதுவே நல்லது. மழை பெய்யும்போது ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம்.

பெராக்சைடு

இதன் எதிரி அழுக்கு. துரு, சாயத்தூள், எண்ணெய், பழைய சாக்கு என எது பட்டாலும் சிதையத் தொடங்கும். பெராக்சைடு கேனின் மூடியைப் பார்த்தால் நடுவில் சிறு காற்றுத் துளை இருக்கும். உள்ளே மெதுவாக உண்டாகும் ஆக்சிஜன் வெளியேறுவதற்கான வழி அது. சில லோடுமேன்கள் ஒழுகும் என்று அதன் மேல் டேப் ஒட்டிவிடுகிறார்கள், அல்லது வேறு கேனின் மூடியைப் போட்டு இறுக்கிவிடுகிறார்கள். கேன் பலூன் போல் ஊதத் தொடங்குவது அப்படித்தான். ஊதிய கேன் கண்ணில் பட்டால் யாரும் கிட்டே போய் மூடியைத் திருக வேண்டாம். தூரத்திலிருந்து தண்ணீர் அடித்துக் குளிர்வித்துவிட்டுத் தயாரிப்பாளரைக் கூப்பிடுங்கள்.

துளை மேலே இருப்பதால் கேன் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுக்க வைத்து இடுக்கில் செருகக் கூடாது. லாரித் தளம் மரப்பலகையாக இருந்தால் அதன் மேல் தடித்த பிளாஸ்டிக் ஷீட் விரியுங்கள். 50 சதவீதச் சரக்கு மரத்திலோ துணியிலோ சாக்கிலோ ஊறிக் காய்ந்தால் அங்கேயே தீப்பிடிக்கலாம். சிந்தினால் நம் ஊர் வழக்கப்படி மரத்தூளோ உமியோ கொட்டி உறிஞ்ச வைக்காதீர்கள். அது தீக்கு விறகு வைப்பதற்குச் சமம். பெராக்சைடு சிந்தினால் தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுவதுதான் வழி. சரக்கு பட்ட சட்டையையும் உடனே கழற்றி நனைத்துவிட வேண்டும்.

கேன்கள்

திரவம் எதுவானாலும் கழுத்து வரை நிரப்பாதீர்கள். வெயிலில் திரவம் விரியும். 55 டிகிரியிலும் கேன் முழுதாக நிரம்பிவிடக் கூடாது என்பது சர்வதேசக் கணக்கு. ஆசிட் வந்த கேனில் ஹைப்போ நிரப்புவது, பெராக்சைடு கேனைக் கழுவி வேறு சரக்குக்கு எடுப்பது இதெல்லாம் செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று செய்யும் வேலை. உள்ளே ஒட்டியிருக்கும் கொஞ்சமே போதும் விபத்துக்கு. எங்களிடம் கேனின் நிறமே சரக்குக்குத் தக்கபடி வேறு வேறு. பிளாஸ்டிக் கேனுக்கு வயது உண்டு. ஏற்றுமதிக்குப் போகும் ஐ.நா. முத்திரை பெற்ற பிளாஸ்டிக் டிரம்மும் கேனும் பொதுவாகத் தயாரித்ததிலிருந்து 5 வருடம்தான் செல்லும். உள்ளூர்ச் சரக்குக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்வது நல்லது. அடியில் தயாரிப்பு மாதமும் வருடமும் அச்சாகியிருக்கும், பாருங்கள்.

திரும்பி வரும் காலிக் கேனும் காலி அல்ல. கழுவாத கேனைச் சரக்குள்ள கேனாகவே மதித்து, மூடி போட்டு, லேபிளோடு, அதே பிரித்தல் முறைப்படி ஏற்ற வேண்டும். காலிதானே என்று ஆசிட் கேனையும் ஹைப்போ கேனையும் குட்டியானை வண்டியில் குவித்துக் கட்டி, மேலே இரண்டு பேர் உட்கார்ந்து போவதை வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன். மனசு பதறுகிறது.

வண்டியும் டிரைவரும்

வண்டி உள்ளே வந்ததும் நான் பார்க்கும் வரிசை: ஆர்.சி., எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று. பிறகு லைசென்ஸ். ஆபத்தான சரக்கு ஓட்டத் தனியாக அனுமதி பதிவாகியிருக்க வேண்டும். 9-ஆம் விதிப்படி டிரைவர் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் 3 நாள் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள இந்திய மொழிகளில் ஒன்றும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்த லைசென்ஸின் காலம் 3 வருடம், தேதியைக் கவனியுங்கள். கார்டில் இருக்கும் ஆள்தான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருக்கிறாரா என்பதையும் பாருங்கள். பயிற்சி பெற்றவர் லைசென்ஸைக் கொடுத்துவிட்டு மச்சானை வண்டியில் அனுப்புவது நம் ஊரில் புதிதல்ல.

அடுத்து வண்டியைச் சுற்றி நடங்கள். புகைக்குழாயில் தீப்பொறி தடுப்பான், தேதி முடியாத தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, ரப்பர் கையுறை, கண்ணாடி, பூட்ஸ், முகக்கவசம். கேபினில் 20 லிட்டர் நல்ல தண்ணீர் கேன் ஒன்று இருந்தே ஆக வேண்டும். குடிப்பதற்கு அல்ல. காஸ்டிக் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். ஆசிட்டை விடக் காஸ்டிக் கண்ணுக்குள் ஆழமாக இறங்கும், முதலில் எரிச்சல் குறைவாகத் தெரிவதால் ஏமாந்துவிடுவார்கள். காரத்துக்கு மாற்று என்று எலுமிச்சம்பழம், வினிகர் எதையும் பிழியக் கூடாது. தண்ணீர்தான், பிறகு 108.

காப்பீட்டில் வண்டி இன்சூரன்ஸ் மட்டும் போதாது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆபத்தான பொருளைக் கையாள்கிறவர்கள் 1991-ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி பாலிசி எடுத்திருக்க வேண்டும். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சரி செய்துவிடுங்கள்.

டேங்கர்

மேட்டூரிலிருந்து வருகிற காஸ்டிக் லை டேங்கர்களைப் பற்றித் தனியாக ஒன்று சொல்கிறேன். லை தண்ணீரை விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனம். 20 டன் லை என்றால் 13 கிலோலிட்டரைச் சற்றுத்தான் தாண்டும். 20 கிலோலிட்டர் டேங்கரில் அதை ஏற்றினால் எடை சரியாக இருக்கும், ஆனால் டேங்க் மூன்றில் இரண்டு பங்குதான் நிரம்பியிருக்கும். மேலே உள்ள காலியிடத்தில் திரவம் முன்னும் பின்னும் அலைமோதும். பிரேக் போட்ட பிறகும் வண்டியைத் தள்ளும், வளைவில் கவிழ்க்கப் பார்க்கும். ஐரோப்பிய ரோட்டு விதியில், 7500 லிட்டருக்கு மேற்படாத அறைகளாகத் தடுப்புத் தகடு வைத்துப் பிரிக்காத டேங்கில் திரவம் 80 சதவீதத்துக்குக் குறையாமலோ 20 சதவீதத்துக்கு மேற்படாமலோ இருக்க வேண்டும் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே சரக்கின் கனத்துக்குத் தக்க அளவில் கட்டிய டேங்கரை, உள்ளே தடுப்பு உள்ளதை, கேட்டு வாங்குங்கள். அலுமினிய டேங்க், அலுமினிய வால்வு லைக்கு ஆகாது. காஸ்டிக் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜனை வெளியிடும்.

டேங்கரானாலும் டிரம் லாரியானாலும் 134-ஆம் விதிப்படி அவசரத் தகவல் பலகை மூன்று இடத்தில் வேண்டும்: இரண்டு பக்கவாட்டிலும் பின்புறத்திலும். சரக்கின் சரியான தொழில்நுட்பப் பெயர் 50 மி.மீ. உயர எழுத்தில், ஐ.நா. எண் 100 மி.மீ. உயரத்தில், வகுப்பு லேபிள் 250 மி.மீ. சதுரத்தில், அவசர சேவையின் பெயரும் போன் எண்ணும் 50 மி.மீ. உயரத்தில். இதற்குக் குறையக் கூடாது. கூடவே அனுப்புகிறவரின், அல்லது விவரம் தெரிந்த ஒருவரின் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். நாங்கள் வகுப்பு வாரியாகப் பலகைகளைச் செய்து மாட்டிக் கழற்றும்படி வைத்திருக்கிறோம். சேறு படிந்தால் துடைக்கத் துணி கொடுக்கிறோம். எண் எழுதினால் போதாது, அந்த எண்ணில் ராத்திரி 2 மணிக்கும் ஒருவர் எடுக்க வேண்டும். ஆபீஸ் லேண்ட்லைன் போட்டு என்ன பயன்? வண்டி ரோட்டில் இருக்கும் வரை அந்தப் போன் என் தலைமாட்டில் இருக்கும்.

டிரெம் கார்டு

சரக்கின் பெயர், எண், ஆபத்து, கசிந்தால் என்ன செய்வது, தீப்பிடித்தால் என்ன செய்வது, முதலுதவி, போன் எண்கள் எல்லாம் ஒரே தாளில் இருப்பதுதான் டிரெம் கார்டு. 133-ஆம் விதிப்படி அது எழுத்தில், டிரைவர் கேபினில், எப்போதும் எடுக்கும்படி இருக்க வேண்டும். இணையத்திலிருந்து இறக்கிய ஆங்கிலத் தாளை அப்படியே கொடுத்தால் கடமை முடியும், உயிர் தப்பாது. தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று கொடுங்கள். திம்பம் ஏறிக் கர்நாடகா போகிற வண்டி என்றால் கன்னடத்திலும் ஒன்று. வாக்கியம் சின்னதாக, கட்டளையாக இருக்கட்டும்: 'காற்று வரும் பக்கமாகப் போ.' 'மரத்தூள் போடாதே.' 'புகைந்தால் 101, 112 கூப்பிடு.'

ஒரு காப்பியைக் கேபின் கதவில் பிளாஸ்டிக் உறையில் மாட்டச் சொல்வேன். ஒரு இளவட்ட டிரைவர் கேட்டார்: "ஏனுங்ண்ணா, பில்லு கூடத்தான் ஒண்ணு இருக்குதே, இது வேற எதுக்குங்?" நான் சொன்னது: "வண்டி கவுந்து நீ மயங்கிக் கெடந்தா, சீட்டுக்கடியில இருக்கற பில்லக் கட்ட யாரு கண்ணு தேடுவாங்க? கதவத் தொறந்ததும் கண்ணுல படோணும்." அவர் தானே டேப் வாங்கி ஒட்டிக்கொண்டார்.

போன சரக்கின் கார்டு உறையில் இருந்தால் முதலில் அதை எடுத்துக் கிழித்துப் போடுங்கள். கார்டு கொடுப்பதோடு நிற்காமல், டிரைவரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இன்றைக்கு என்ன சரக்கு, ஒழுகினால் முதல் வேலை என்ன, யாருக்குப் போன்? மூன்றுக்கும் பதில் வந்தால்தான் கேட்டைத் திறக்கிறோம். விபத்து நடந்தால் உடனே பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கும் வண்டி உரிமையாளருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 136-ஆம் விதி சொல்கிறது. பயந்து ஓடிவிடாதே, சொல்லிவிட்டு ஆட்களைத் தள்ளி நிறுத்து, அதுவே பெரிய உதவி என்று அவர்களுக்குத் தைரியம் சொல்லி அனுப்புங்கள்.

பஸ் பார்சலும் ஏற்றுமதியும்

சாம்பிள்தானே, ஒரு கிலோ ஹைட்ரோஸ், அரை லிட்டர் பெராக்சைடு என்று பஸ்ஸில் போட்டுவிடச் சொல்வார்கள். போடாதீர்கள். ஆட்கள் உட்கார்ந்திருக்கும் வண்டியில், டிரைவருக்கே தெரியாமல், துணிப் பைகளுக்கு நடுவே 5.1 வகுப்புச் சரக்கை வைப்பது எந்த அளவிலும் தகாது. தூத்துக்குடி, சென்னை வழியாகக் கப்பலில் போவது ஐ.எம்.டி.ஜி. கோடுக்கும், விமானத்தில் போவது ஐயாட்டா விதிகளுக்கும் உட்பட்டது. ஐ.நா. முத்திரை பெற்ற பேக்கிங், பொதிக்கு 100 மி.மீ. லேபிள், கன்டெய்னரின் நான்கு பக்கமும் 250 மி.மீ. பலகை, ஆபத்தான சரக்கு உறுதிமொழிப் படிவம் எல்லாம் வேண்டும். அதைப் பயிற்சிச் சான்று பெற்ற ஏஜென்ட் வழியாகச் செய்யுங்கள். சொந்த முயற்சி வேண்டாம்.

இறக்கும் இடம்

வண்டி பட்டறைக்குள் நுழைந்ததும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்துவிடும். டேங்கர் சரக்கில் உண்மையான ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் அட்சிசன் ஊரில் 2016 அக்டோபர் 21 அன்று, சல்ஃப்யூரிக் ஆசிட் டேங்கரின் குழாயைச் சோடியம் ஹைப்போகுளோரைட் தொட்டியின் வாயில் மாட்டிவிட்டார்கள். இரண்டு வாய்களும் பக்கத்துப் பக்கத்தில், பார்க்க ஒன்றுபோல இருந்தன. கிளம்பிய பச்சைப் புகையால் 140-க்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்குப் போக நேர்ந்தது. நம் சாயப்பட்டறைகளிலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் தொட்டியும் ஹைப்போ தொட்டியும் ஒரே சுவரோரமாகத்தான் நிற்கின்றன.

எனவே பட்டறைக்காரரிடம் நான் கேட்பது: ஒவ்வொரு வாய்க்கும் தனிப் பூட்டு, தனிச் சாவி. வாய்க்குப் பக்கத்தில் பெயர் எழுதிய தகடு. முடிந்தால் ஆசிட் வாயும் ஹைப்போ வாயும் வேறு வேறு அளவில், ஒன்றின் குழாய் மற்றதில் மாட்டவே முடியாதபடி. பட்டறையின் பொறுப்பாளர் வந்து பில்லையும் பலகையையும் தொட்டித் தகட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, அந்த ஒரு பூட்டை மட்டும் திறக்க வேண்டும். டிரைவர் தானாக மாட்டக் கூடாது. மாட்டிய பிறகு இறக்கி முடியும் வரை இருவரும் அங்கேயே நிற்க வேண்டும். டீ குடிக்கப் போகிற நேரம் அது அல்ல.

இறக்கிய பிறகு குழாயில் மிச்சமிருப்பதை வாளியில் பிடித்து, வாயை மூடிப் பூட்டி, வண்டித் தளத்தைக் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் பட்டறையின் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போகட்டும், சாக்கடைக்கு அல்ல. டிரம் லாரியென்றால் கழுவி முடித்ததும் பலகைகளைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெறும் வண்டி 5.1 பலகையோடு ரோட்டில் போனால், நாளைக்கு நிஜமாகவே பெராக்சைடு ஏற்றிய வண்டியையும் யாரும் நம்ப மாட்டார்கள். டேங்கர் என்றால், உள்ளே கழுவிச் சுத்தம் செய்யும் வரை பலகை அப்படியே இருக்க வேண்டும்.